ஆரஞ்சுக் கட்டை

கணினி எப்படித் தேடி விடை தருகிறது என்பதைத் திரையில் வண்ணக் கட்டைகளைக் கோக்கவைத்துச் சொல்லிக்கொடுத்தார் ரெஜினா டீச்சர். பிள்ளைகள் சந்தோஷப்படட்டும் என்று விடுதி விவரங்களையே ஏற்றியிருந்தார். ஒரு அட்டவணையில் அவர்களின் பெயர்கள். இன்னொன்றில், பொங்கல் லீவுக்கு யாரை யார் அழைத்துப்போக வருகிறார்கள் என்று வார்டன் குறித்துக் கொடுத்தது. நடுவில் ஆரஞ்சுக் கட்டையை வைத்ததும் இரண்டிலும் இருப்பவர்கள் மட்டும் திரையில் நின்றார்கள்.

“ஏட்டி, எங்க சித்தப்பா வாராவ!” அறையே கூவியது.

முத்துப்பேச்சி தன் பெயரைத் தேடினாள். கட்டையை உருவினாள், பெயர் வந்தது. வைத்தாள், போனது. மறுபடி உருவினாள்.

“டீச்சர், நான் தப்பா வைக்கனா?”

டீச்சருக்கு அப்போதுதான் உறைத்தது. அவசரமாக ஒரு நீலக் கட்டையை இழுத்து வைத்தார். “இத வச்சா யாரும் விட்டுப்போக மாட்டாங்கம்மா. பாரு, உன் பேரு வந்துட்டுல்லா?”

வந்திருந்தது. அதற்கு நேரே, அழைத்துப்போக வருபவர் பெயருக்கான கட்டம் வெள்ளையாகக் கிடந்தது.

பக்கத்தில் இருப்பவள் எட்டிப் பார்ப்பதற்குள் முத்துப்பேச்சி நீலத்தை எடுத்துவிட்டு ஆரஞ்சையே வைத்தாள்.