துரைசாணி போடாத தாழ்ப்பாள்

கர்ர்ர்... டொக்.

இருட்டியதும் எதிர் அறையிலிருந்து இன்றைக்கும் அதே சத்தம். குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்த கமலவேணி ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். எதிர் அறைக் கதவு 'ஆ'வென்று திறந்து கிடந்தது.

எமர்ஜென்சி முடிந்த மறுவருஷம் அது. ராசிபுரத்துக்குப் பக்கத்திலிருந்த அந்த ஊரில் வேதக்கோயில் பள்ளிக்கூடத்துக்குச் சுவர் எழுப்பிக் கொடுக்க, கனடாவிலிருந்து ஒரு மாத ஊழியத்துக்கு ஒரு கூட்டம் வந்திருந்தது. மற்றவர்கள் உபதேசியார் வீட்டில் தங்கினார்கள். அங்கே இடம் போதாமல் ஹெலன் என்ற பெண்ணை மட்டும், கமலவேணியும் இன்னும் சில குடித்தனங்களும் வாடகைக்கு இருந்த இந்த வளவுக்கு அனுப்பினார்கள். சேலத்தில் கான்வென்டில் படித்த கமலவேணிக்கு இங்கிலீஷ் வரும் என்பதுதான் காரணம்.

வந்த அன்றைக்கே கமலவேணி அறையைச் சுற்றிக் காட்டினாள். தண்ணீர்க் குடம், சுவரில் கொசுவலை கட்டும் கொக்கி, கதவுத் தாழ்ப்பாள். துருப்பிடித்த தாழ்ப்பாள். போடுவதே கஷ்டம், எடுப்பது அதைவிடக் கஷ்டம்.

பேச்சுவாக்கில் தன் கதையும் வந்தது. வீட்டுக்காரர் செங்கோடன் லாரியில் நாக்பூர் போயிருக்கிறார். ராத்திரி தனியாக இருக்க ஒரே பயம். போன மாதம் குழந்தைக்குச் சுரத்தில் கை கால் இழுத்தபோது, பக்கத்து வீட்டு வள்ளியாத்தாளின் கதவை இவள் ஓங்கி ஓங்கித் தட்டியும் அவள் திறக்கவில்லை.

"இனிமேல் உங்கள் கதவைத்தான் தட்டுவேன்" என்று சிரித்தாள் கமலவேணி. ஒரு பேச்சுக்குச் சொன்னதுதான்.

ஹெலன் சிரிக்கவில்லை. தாழ்ப்பாளை இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தாள்.

அன்றைக்குத் தொடங்கியதுதான் இந்தச் சத்தமும், சாத்தாத கதவும்.

காலையில் கிணற்றடியில் கமலவேணியை வள்ளியாத்தாள் பிடித்துக்கொண்டாள்.

"ஏனம்மிணி, உன்ற தொரசாணி மூஞ்சியப் பாத்தியா? அம்மை போட்டாப்பல தடிச்சுக் கெடக்குது!"

"கொசு கடிச்சிருக்குதுங்க்கா."

"கொசுவலை இருக்குதல்ல?"

"இருக்குதுங்க. அது சுவத்தோரம்தான் கட்ட முடியும். அந்தப் புள்ள கட்டிலை எங்கயோ இழுத்துப் போட்டுக்குது."

"எங்கயோ என்ன, வாசப்படிக்கிட்டத்தான்! கதவத் தொறந்து போட்டு யாருக்குக் காத்துக் கெடக்குதோ!"

கமலவேணிக்கும் அதுதான் புரியவில்லை. கான்வென்டில் சிஸ்டர்கள் பொழுது சாய்வதற்குள் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். சொந்த ஊரிலேயே அவள் தாழ்ப்பாளைப் போட்டு, அதற்கு மேல் உலக்கையை வேறு சாத்தி வைக்கிறாள். கண்காணாத ஊருக்கு வந்த பெண் எந்தத் தைரியத்தில் கதவைத் திறந்து வைக்கிறாள்? கேட்கலாம்தான். கேட்கக் கூச்சம்.

விஷயம் வளவுக்குச் சொந்தக்காரரான சென்னியப்பக் கவுண்டர் காதுக்குப் போய்விட்டது. அவர் கமலவேணியைக் கூப்பிட்டார்.

"வயசுப் புள்ளைக இருக்கிற எடம் அம்மிணி இது. பொழுது சாஞ்சதும் நான் வாரேன். காலைல ரூமைக் காலி பண்ணோணும்னு நீதான் இங்கிலீசுல சொல்லோணும்."

"உபதேசியார் ஊட்லயும் எடமில்லைங்க. இங்கிருந்து அனுப்பிட்டா ஊருக்கே திருப்பி அனுப்பிருவாங்க. எதுக்கும் ஒரு வார்த்தை கேட்டுப் பாத்துட்டு..."

"கேக்கறதுக்கு என்ன இருக்குது? அதுதான் கதவே சொல்லுதே!"

சொன்னபடி இருட்டியதும் வந்தார். பின்னாலேயே வள்ளியாத்தாள்.

கர்ர்ர்... டொக். இரும்புக் கட்டில் வாசற்படியோரம் வந்து நின்றது. ஹெலன் அதில் உட்கார்ந்து முழங்கையைச் சொறிந்துகொண்டே வெளியே பார்த்தாள்.

"பாத்தீங்களா, வழியவே பாத்துட்டு உக்காந்திருக்குது!" என்று குசுகுசுத்தாள் வள்ளியாத்தாள்.

"போ அம்மிணி, சொல்லு" என்றார் கவுண்டர்.

கமலவேணி இரண்டடி வைத்தாள். அதற்குள் தெருமுனையில் லாரி ஹாரன். குழந்தை "அப்பா!" என்று குதித்து ஓடியது. செங்கோடன் தோளில் பையோடு வந்து, கவுண்டருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டார்.

ஹெலன் எழுந்து வந்தாள்.

"உங்கள் கணவரா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"ஆமாம்."

"அப்பாடா! அப்படியானால் இன்றைக்கு என் கதவைத் தட்ட மாட்டீர்கள், இல்லையா? அந்தத் தாழ்ப்பாளை அவசரத்துக்கு என்னால் எடுக்க முடியாது. அதனால்தான் இத்தனை நாளும் போடவில்லை; நீங்கள் கூப்பிட்டால் உடனே கேட்கட்டும் என்று வாசலோரமே படுத்தேன்."

கமலவேணி அந்தத் தடித்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்ன அம்மிணி சொல்லுது?" என்றார் கவுண்டர்.

"'உன்ற ஊட்டுக்காரர் வந்துட்டார். இனி ராத்திரியில கொழந்தைக்கு ஒண்ணுன்னா நீ என்ற கதவத் தட்ட வேண்டியதில்லை. நானும் கதவச் சாத்திக்கிறேன்'ங்குதுங்க."

வள்ளியாத்தாள் முந்தானையை இழுத்துச் செருகினாள். "அடுப்புல பாலை வெச்சுட்டு வந்துட்டேன்" என்று விறுவிறுவென்று நடந்தாள்.

"காலி பண்ணச் சொல்லிரட்டுங்களா?" என்று கேட்டாள் கமலவேணி.

கவுண்டர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம். காலைல அந்தத் தாழ்ப்பாளுக்குக் கொஞ்சம் எண்ணெய் உடச் சொல்றேன்."

எதிர் அறையில் கட்டில் சுவரோரம் திரும்பிப் போனது. கர்ர்ர்... டொக்.

பிறகு, வந்த நாளிலிருந்து முதல் தடவையாக, அந்தத் துருப்பிடித்த தாழ்ப்பாள் உள்ளேயிருந்து விழுந்தது.