அறுப்பு நாள் ஆடு

வேலியோர வாய்க்காலை ஆடு தாண்டிவிட்டால் அது மறுபடி ஊரின் நிலப்பிரபுவுக்கு. அதற்குள் யார் கை அதைப் பிடிக்கிறதோ, அவருக்கே சொந்தம்.

பிரபுவின் புல்வெளியை அறுத்து முடிக்கும் நாளில் வருடாவருடம் நடப்பதுதான். அறுத்தவர்கள் சுற்றி நிற்பார்கள். வாரின் என்ற பண்ணைக் காரியஸ்தர் நடுவில் ஓர் ஆட்டை அவிழ்த்துவிடுவார்.

இந்த முறை அவர் பார்த்துப் பார்த்துப் பொறுக்கியது ஒரு பெட்டை ஆடு. பண்ணைக்கு வந்ததிலிருந்து யாரையும் அருகில் விட்டதில்லை. காலைக் கட்டிப்போட்டுத்தான் கறக்க வேண்டும்.

"பிடிங்கடா பாக்கலாம்! என் நாய்க்கே தண்ணி காட்டுறவ இவ!"

எல்லோரும் சிரித்தார்கள். எடிவா மட்டும் சிரிக்கவில்லை.

செத்துப்போன கணவனின் பங்கை இந்த வருடம் அவள்தான் அறுத்தாள். தோள் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. வீட்டில் இரண்டு பிள்ளைகளும் குளிர்காலம் முழுக்கப் பார்லிக் கஞ்சியில் தண்ணீர் விட்டே குடித்தார்கள். இன்னொரு குளிர்காலம் அப்படிப் போனால் சின்னவள் தாங்கமாட்டாள்.

"நீ ஓரமா உக்காருக்கா," என்றான் பக்கத்து வீட்டு ஹாமோ. "மாட்டுச்சுன்னா ஒரு தொடை உனக்கு."

"நீ மொதல்ல விழாம ஓடு."

கயிறு அவிழ்ந்தது.

ஹாமோ பாய்ந்தான். கையில் சிக்கியது ஒரு பிடி ரோமம். இரண்டு பேர் மோதிக்கொண்டு உருண்டார்கள். ஆடு வாய்க்காலை நோக்கிப் பறந்தது.

எடிவா ஓடவில்லை. அரிவாளைக் கீழே வைத்தாள். நாக்கை அண்ணத்தில் தட்டி, மெல்ல ஓர் ஒலி எழுப்பினாள்.

கரையில் ஆடு நின்றது.

திரும்பியது. விழுந்து கிடந்தவர்களைச் சுற்றிக்கொண்டு நடந்து வந்து, அவள் பாவாடை மடிப்புக்குள் முகத்தைப் புதைத்தது.

"பிடிச்சாச்சு! எல்லாரும் பாத்துக்கங்க, பிடிச்சாச்சு!" ஹாமோ புல்லில் படுத்தபடியே கத்தினான்.

வாரினுக்கு ஒன்றும் புரியவில்லை.

போன வருடக் காய்ச்சலில் ஊரில் பலர் போய்விட்டார்கள். குடியானவன் செத்தால் அவன் வீட்டின் நல்ல கால்நடை ஒன்று பிரபுவுக்குப் போக வேண்டும். குழி மூடிய கையோடு வாரின் வீடு வீடாக ஏறி ஓட்டிக்கொண்டு வந்தார். எது எந்தக் கொட்டிலில் நின்றது என்று அவருக்கு நினைவில்லை.

ஆட்டுக்கு இருந்தது.