மிர்த்தாவின் மேல் ஐந்து குற்றங்கள்

“முதல் குற்றம்: சட்டைக்குப் பொத்தான் போட்டுவிடச் சொன்னேன். மாட்டேன்னுட்டா.

“ரெண்டாவது: ரொட்டியை நறுக்கித் தரலை. முழுசா என் முன்னால வச்சுட்டு, ஜன்னல் பக்கம் போய் உக்காந்துக்கிட்டா.

“மூணாவது: மாத்தே டீ ஊத்தித் தரமாட்டேங்கறா. ‘வீட்டுக்காரர் நீங்க, விருந்தாளி நான். நீங்கதான் ஊத்தணும்’னு என்கிட்டயே நியாயம் பேசறா.

“நாலாவது: என் பழைய பிளாஸ்க் கீழ விழுந்து நொறுங்குச்சு. அதைப் பாத்து கைதட்டினா. ஆமா தோழர்களே, கைதட்டினா!

“அஞ்சாவது: இப்ப இந்த மாடிப்படி ஏறி வந்தேனே, பின்னாலயே வந்தா. ஒரு விரல்கூடக் குடுக்கலை.”

எலிசேயோ பெந்தங்கோர் வரிசை மாறாமல் சொல்லி முடித்தார். வரிசை பிசகினால் எதிராளி அந்த இடுக்கில் புகுந்துவிடுவான் என்பது இறைச்சி ஆலைக் காலத்தில் கற்ற பாடம்.

செர்ரோ குன்றில், ஓய்வூதியர் சங்கத்து மாடி. வளைகுடாவிலிருந்து ஏறிவந்த மூடுபனி ஜன்னல்களை அடைத்து நின்றது. மண்டபமே தரையை விட்டுக் கிளம்பி மெல்ல மிதப்பது போலிருந்தது.

பாரிசவாயு அடித்ததிலிருந்து எலிசேயோவுக்குப் பகல்கள் இப்படித்தான். கொஞ்சம் கண்ணயர்ந்தால் போதும், எப்போதோ மூடிப்போன ஆலையின் சங்கு ஊதும். விளங்காமல் போன இடக்கை கொடியைத் தூக்கிக்கொண்டு முன்னே போகும். விழித்தால், யாரோ மறந்துவிட்டுப் போன பொருள் மாதிரி அது மடியில் கிடக்கும்.

நோயாளிகளின் வீட்டுக்கு மிர்த்தா மாதிரிப் பணிப்பெண்களை அனுப்பும் ஏஜென்சிக்குப் பணம் கட்டுவது சங்கம்தான். ஏஜென்சி தேறுமா, தேறாதா என்று வருஷம் ஒருமுறை கூடித் தீர்ப்புச் சொல்வார்கள். புகார் நிரூபணமானால், புகார் சொன்னவரே பணிப்பெண்ணின் பெயரைச் சாட்சிகள் முன்னால் உரக்க வாசிக்க வேண்டும். அதற்குப் பிறகு குன்றில் எந்த வீட்டு வாசலையும் அவள் மிதிக்க முடியாது.

பெயர் வாசிப்பது எலிசேயோ ஆலையிலிருந்து கொண்டுவந்த வழக்கம். அங்கே இரண்டு விதமான ஆட்களுக்குத்தான் பெயர் வாசிப்பார்கள். வேலைநிறுத்தத்தை முறித்த கருங்காலியின் பெயரை எல்லோரும் உட்கார்ந்தபடி, முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்பார்கள். விழுந்தவர்களைத் தூக்கி நிறுத்திய தோழரின் பெயரை எழுந்து நின்று கேட்பார்கள்.

“கிழவா,” என்றார் முன்வரிசையிலிருந்து வில்மார். ஆலையில் எலிசேயோவோடு கத்தி பிடித்தவர். “காலமெல்லாம் முதலாளியோட மல்லுக்கு நின்னே. இப்ப ஒரு கூலிக்காரி வாயில மண்ணு போடப் போறியா?”

“உழைக்காம கூலி வாங்கறவன் பேருதான் முதலாளி. எத்தனை துண்டறிக்கையில எழுதினேன்! படிச்சியா?”

“படிச்சேன், படிச்சேன். கறி சுட அடுப்பு மூட்டறதுக்கும் நல்லா இருந்துச்சு.”

மண்டபம் சிரித்தது. தலைவி நிபியா மேசையைத் தட்டினாள். கதவோரம் நின்றிருந்த பெண்ணைப் பார்த்தாள்.

“மிர்த்தா, நீ என்னம்மா சொல்றே?”

மிர்த்தா கோட்டுப் பையிலிருந்து கையை எடுக்காமலே சொன்னாள்: “அவர் சொன்னது அத்தனையும் உண்மைதான்.”

“வேற ஒண்ணும் சொல்றதுக்கு இல்லையா?”

“இல்லைங்க.”

அவ்வளவு சுலபமாக ஜெயித்தது எலிசேயோவுக்கே பிடிக்கவில்லை. சுரைக்குடுக்கையில் இருந்த மாத்தே இலையின் மேல், கக்கத்து பிளாஸ்க்கைச் சாய்த்து வெந்நீர் ஊற்றினார். உறிஞ்சிக் குடித்தார். திரும்ப ஊற்றி நிபியாவிடம் நீட்டினார்.

நிபியா வாங்கவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். 

வில்மார்தான் வாய் திறந்தார். “எலிசேயோ, அந்த பிளாஸ்க்கைப் பிடிச்சிருக்கிறது யாரு?”

“கண்ணு அவிஞ்சு போச்சா? நான்தான்.”

“எந்தக் கையால?”

குனிந்து பார்த்தார்.

ஊரே இடுக்கிக்கொண்டு திரிவதுபோல, இடது கக்கத்தில் புது பிளாஸ்க். மிர்த்தா வாங்கி வந்தது. இடக்கை அதை விலாவோடு அணைத்துப் பிடித்திருந்தது.

கனவுதான் என்று காத்திருந்தார். சங்கு ஊதவில்லை. விலாவில் சூடு உறைத்தது. சட்டையைப் பார்த்தார். எல்லாப் பொத்தானும் போட்டிருந்தது. ஒன்று மட்டும் துளை மாறி.

அன்றைக்குப் பழைய பிளாஸ்க் எங்கே விழுந்தது? வாசலில். வலக்கையில் குடுக்கை இருக்க, அடுப்படியிலிருந்து வாசல்வரை அதை எந்தக் கை கொண்டுவந்தது? அவள் கைதட்டியது, விழுந்ததற்கா?

கதவோரம் மிர்த்தா மூடுபனியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“தோழரே,” என்றாள் நிபியா மெதுவாக. “பேரு வாசிக்கணுமே. வேணாம்னா விட்டுடலாம்.”

“விடறதா? வழக்கம்னா வழக்கம்தான்.”

குடுக்கையை மேசைமேல் வைத்தார். தொப்பியைக் கழற்றினார். ஆலை வாசலில் ஒலித்த பழைய குரல் எங்கிருந்தோ திரும்பி வந்தது.

“எல்லாரும் எழுந்திரிங்க,” என்றார். கடைசிப் பெஞ்சும் கிறீச்சிட்டு அடங்கும்வரை பொறுத்தார்.

“மிர்த்தா தெச்சேரா!”