மகளிர் நேரமும் வாழைக்காய் பஜ்ஜியும்

"பொம்பளையாளு எல்லாரும் வெளிய போங்கம்மா. மகளிர் நேரம் ஆரம்பிக்கப் போவுது."

கையைத் தட்டி விரட்டினார் சொரிமுத்து அண்ணாச்சி. இலஞ்சிப் பக்கம் நடக்கும் அந்தச் சமுதாய வானொலிக்கு அவர்தான் தலைவர். இடம் கொடுத்தவர் என்பதால் அவர் வைத்ததுதான் அங்கே சட்டம்.

வாராவாரம் மகளிர் நேரத்தில் சங்கரம்மாளும் அவள் கூட்டாளிகளும்தான் பேசுவார்கள். போன வாரம் சங்கரம்மாள் சும்மா இருக்காமல், "மூணு பிள்ளைக்குத் தகப்பன், இன்னும் அடுப்புப் பத்தவைக்கத் தெரியாது" என்று ஒரு ஆளைப் பற்றிச் சொல்லிவிட்டாள். பெயர் சொல்லவில்லை. ஆனால் ஊரில் பாதி ஆண்கள் தங்களைத்தான் சொன்னாள் என்று அண்ணாச்சியிடம் சண்டைக்கு வந்துவிட்டார்கள்.

அன்றே அண்ணாச்சி முடிவு கட்டினார். இனிமேல் மகளிர் நேரத்தை அவரே நடத்துவார். 'பெண்மை போற்றுவோம் - வழங்குபவர் சொரிமுத்து' என்று பேனர்கூட அடித்தாகிவிட்டது. சென்னையிலிருந்து ஆய்வுக்கு வந்த மேடம் ஒருத்தர் குற்றாலத்து விடுதியில் ரேடியோவும் கையுமாக உட்கார்ந்திருக்கிறார். இன்றைக்குக் கேட்டுவிட்டு அவர் சரி என்றால் போதும், சங்கரம்மாள் கூட்டத்துக்கு மைக் அதோடு போச்சு.

"அப்ப நாங்க எப்ப அண்ணாச்சி பேசணும்?" என்று கேட்டாள் சங்கரம்மாள்.

"நீங்க என்னத்துக்குப் பேசணும்? பெண் விடுதலயப் பத்தி நாங்க மூணு பேரு பேசுதோம்லா. நீங்க அடுப்படியில வாழக்கா பஜ்ஜி போடுங்க. சாரலுக்கு நல்லாருக்கும். அதுவும் பங்கெடுப்புதான்."

சங்கரம்மாள் சத்யபிரியாவைப் பார்த்தாள். சத்யபிரியா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஒலிபரப்பைக் கவனிக்கிற பெண். அவளை மட்டும் அண்ணாச்சியால் விரட்ட முடியவில்லை. அந்தப் பொத்தான்களை அமுக்க வேறு ஆள் கிடையாது.

ஒலிப்பதிவு அறைக்குள் நுழையப் போனவருக்குக் கால் தடுக்கியது. சத்யபிரியாவின் மேசையிலிருந்து ஒரு கறுப்பு வயர் அடுப்படிக்குள் ஓடியது.

"இது எதுக்குத் தாயீ? நான் பேசுதத அவளுவ அங்கன கேக்கவா?"

"அக்காமாரயும் சேத்துக்கிடணும்லா அண்ணாச்சி" என்றாள் சத்யபிரியா.

அண்ணாச்சிக்கு உச்சி குளிர்ந்தது. "நல்ல காரியம். கேட்டாவது திருந்தட்டும்."

போன்களை அணைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு மூன்று பேரும் மைக் முன்னால் உட்கார்ந்தார்கள். அண்ணாச்சிக்கு ஒரு பக்கம் ஓய்வுபெற்ற வாத்தியார் பிச்சையா, மறுபக்கம் கல்யாண மண்டப முதலாளி மணிகண்டபிரபு. கண்ணாடி வழியாகச் சத்யபிரியா கையைக் காட்டினாள்.

"பெண் என்பவள் ஒரு விளக்கு" என்று ஆரம்பித்தார் அண்ணாச்சி.

"விளக்கு மட்டுமா? திரியும் அவளே, எண்ணெயும் அவளே" என்றார் பிச்சையா. மணிகண்டபிரபு தன் பங்குக்கு மண்டபத்தின் பெயரையும், அதில் புதிதாக ஏசி போட்டதையும் சொன்னார்.

அடேயப்பா, அதற்கப்புறம் அண்ணாச்சி பேசினாரே ஒரு பேச்சு! பெண்களைப் பேச விட வேண்டும் என்று மூச்சுவிடாமல் பேசினார். குறுக்கே வந்த பிச்சையாவைக்கூடக் கையமர்த்திவிட்டார். பெற்ற தாயைப் பற்றிச் சொல்லும்போது துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நிமிர்ந்து பார்த்தார். காதில் ஹெட்போன் மாட்டியிருந்த சத்யபிரியா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள். 'பாவம், பிள்ள அழுது' என்று நினைத்தார்.

நிகழ்ச்சி முடிந்து வெளியே வந்தால் பஜ்ஜி ஆவி பறக்கத் தயாராக இருந்தது. போனைத் திறந்ததும் சென்னை மேடத்தின் அழைப்பு. நாலு பேர் கேட்கட்டும் என்று அண்ணாச்சி அதை ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், பிரமாதம்! இப்படி மனசு விட்டுப் பேசி நான் எந்த ரேடியோவிலயும் கேட்டதில்ல. வாரத்துக்கு ஒரு நாள் பத்தாது, தினமும் வைங்க. ஆனா இன்னிக்குப் பேசின அதே ஆளுங்கதான் பேசணும். வேற யாரையும் உள்ள விடக்கூடாது."

"சத்தியமா விடமாட்டேன் மேடம்! எழுதியே தாரேன்!"

போனை வைத்துவிட்டு அண்ணாச்சி மீசையைத் தடவினார். "கேட்டியளாட்டி? தெனமும்!"

"கேட்டோம் அண்ணாச்சி" என்றாள் சங்கரம்மாள். "சொன்ன வாக்கு மாறப்பிடாது."

"சொரிமுத்து வாக்கு என்னைக்குட்டி மாறிச்சு?"

அந்தச் சூட்டோடு வீட்டுக்கும் போனைப் போட்டார். அதுவும் ஸ்பீக்கரில்தான். ரேடியோவை விட்டு நகரக்கூடாது என்று பெண்சாதியிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பியிருந்தார்.

"ஏட்டி அனுசியா, மகளிர் நேரம் கேட்டியா?"

"கேக்காம இருப்பனா? முழுசும் கேட்டேன். சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிக்குது. எண்ணெயில பஜ்ஜி பொரியுத சத்தம்கூடத் தெளிவாக் கேட்டுச்சு."

அண்ணாச்சிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சங்கரம்மாளை முறைத்தார். "அடுப்படிக் கதவச் சாத்துங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். கேட்டாளுவளா? நான் பேசுன பேச்சயே கெடுத்துட்டாளுவ!"

அனுசியா சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள்:

"நீங்களும் பேசுனியளா?"