ஒரு சொட்டுக் கந்தகம்

அஃப்ரோஸின் குடுவையில் குமிழிகள் பொங்குவதைத் தங்கபுஷ்பத்தால் பார்க்கச் சகிக்கவில்லை. ஒரே ஆய்வுக்கூடத்தில் இருவருக்கும் ஒரே வேலைதான். கண்ணுக்குத் தெரியாத நிக்கல் துகள்களைத் தகட்டில் பூசி, மின்சாரம் பாய்ச்சி, தண்ணீரிலிருந்து ஹைட்ரஜனைப் பிரிக்க வேண்டும். தங்கபுஷ்பம் வருஷக்கணக்காக மாரடிக்கிறாள். அவள் தகட்டில் சோம்பலாக ஒன்றிரண்டு குமிழிகள்தான் எழும்பும். நேற்று வந்த அஃப்ரோஸின் மேசைக்குத்தான் பேராசிரியர் விருந்தாளிகளை அழைத்துப் போகிறார். "எல்லாம் அக்கா சொல்லிக்கொடுத்தது சார்" என்பாள் அஃப்ரோஸ். அந்தப் பணிவுதான் இவளுக்கு இன்னும் எரிந்தது. மதியம் எல்லோரும் சாப்பிடப் போனதும், அந்தக் குடுவையில் ஒரு சொட்டுக் கந்தகக் கரைசலை விட்டாள். கந்தகம் பட்டால் துகள்கள் செத்துவிடும் என்றுதான் அவள் படித்திருந்தாள். குமிழிகள் அடங்கின. நெஞ்சு குளிர்ந்தது. பிறகு சாப்பாட்டு அறைக்குப் போய் அஃப்ரோஸ் பக்கத்திலேயே உட்கார்ந்து, அவள் கொடுத்த மீன் துண்டையும் வாங்கித் தின்றாள். திரும்பி வந்தபோது குடுவை முன்னெப்போதும் இல்லாதபடி நுரைத்துக்கொண்டிருந்தது. "அக்கா, இங்க வாங்களேன்!" என்று அஃப்ரோஸ் கூவினாள். பேராசிரியர் ஓடிவந்தார். "இதுல என்னம்மா போட்ட?" "நிக்கல் மட்டும்தான் சார்." "நல்லா யோசிச்சுச் சொல்லு. இது மட்டும் புரிஞ்சிட்டா நாம எங்கேயோ போயிடுவோம்." அஃப்ரோஸ் தன் குறிப்பேட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். இத்தனை வருஷம் ஏங்கிக் கிடந்த விடை தங்கபுஷ்பத்தின் நாக்கு நுனியில் இருந்தது. "சார்" என்றாள். எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.