அலமாரிக்குள் வந்த வெயில்

2024 மே 14, மைசூரு சரஸ்வதிபுரத்தில், ஒரு தனியார் உயர்நிலைப் பள்ளியின் ஆய்வகத்தில், ஸ்பிரிட்டில் வெளுத்து அயோடின் விட்ட இரண்டு செம்பருத்தி இலைகளும் நீலமாயின.

ஒன்றுதான் ஆகியிருக்க வேண்டும்.

அறிவியல் ஆசிரியர் வேலைக்காக தீபா நடத்திக் காட்டிய மாதிரி வகுப்பு அது. அந்தக் கோடையில் அவளுக்கு வந்த ஒரே அழைப்பு.

ஒரு செடி மொட்டைமாடி வெயிலில் நின்றது. மற்றது இரண்டு நாளாக வீட்டு அலமாரியில், இருட்டில். வெயில் பட்ட இலை அந்த ஒளியைப் பிடித்து, தண்ணீரையும் காற்றையும் கொண்டு மாவுச்சத்து செய்து வைத்துக்கொள்ளும். அயோடின் பட்டால் நீலமாகும். இருட்டில் இருந்த இலை நிறம் மாறாது.

இப்படிச் சொல்லிவிட்டுத்தான் சொட்டு விட்டாள்.

அதுவரை கன்னடத்தில் கேள்வி கேட்ட தலைமையாசிரியை திரிபுரசுந்தரி தமிழுக்கு மாறினார்.

"அலமாரிக்குள்ள சூரியன் எப்படிம்மா வந்தான்?"

தேர்வு செய்ய அவருடன் உட்கார்ந்திருந்த இருவரும் சிரித்தார்கள்.

தீபா இலையை ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தாள். மற்ற இலையின் கருநீலம் இதில் இல்லை. வெளிர் நீலம், அதுவும் திட்டுத்திட்டாக. நேற்று சேர்த்ததாக இருந்தால் செடி இரவிலேயே தின்று தீர்த்திருக்கும். இது இன்று காலை வெயில். கொஞ்ச நேரம்தான் கிடைத்திருக்கிறது. அதையும் இலை வீணாக்கவில்லை.

சோதனை கெட்டுவிட்டது என்று ஒப்புக்கொண்டாள். எப்போது கெட்டது என்பதையும் இலையைக் காட்டியே சொன்னாள்.

திரிபுரசுந்தரி மேஜைமேல் இருந்த அலமாரிச் செடியின் தொட்டியைத் தன் பக்கம் திருப்பினார். விளிம்பில் குங்குமம்.

மாலையில் வீட்டில் தீபா கேட்டபோது மாமியார் செல்லக்கண்ணு எதையும் மறைக்கவில்லை. ஹனூர்ப் பக்கம் விவசாய வீட்டில் பிறந்தவர். விதைக்கும் முன் விதைக்கூடையைச் சூரியனுக்குக் காட்டுவது அவர்கள் வீட்டு வழக்கம்.

"உன்ற வேலைக்குப் போற செடி கண்ணு, இருட்டுல இருந்து அப்படியேவா அனுப்புவாங்க? நீ குளிச்சுச் சேல கட்டி வர்றதுக்குள்ள வெயில் காட்டி, கும்புட்டு, மறுபடி உள்ள வெச்சுட்டேன்."

ஜூனில் தீபா வேலையில் சேர்ந்தாள். செல்லக்கண்ணு அந்த வேலைக்காக வைத்திருந்த வேண்டுதலை முடிக்க மாதேஸ்வரன் மலைக் கோயிலுக்குப் போய்வந்தார்.

ஒளிச்சேர்க்கைப் பாடம் வந்த வாரம் தீபா மூன்று செம்பருத்தித் தொட்டிகள் வாங்கினாள். ஒன்றை மொட்டைமாடியில் வைத்தாள். ஒன்றை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். மூன்றாவதை மாமியாரிடம் கொடுத்தாள்.