சுனையோரப் பாசி

"பாசியப் பாக்கத்தானே வந்தீங்க டீச்சர்? நல்லாப் பாருங்க," என்றார் குணசேகரன்.

சுனையோரப் பாறை பிளீச்சிங் பவுடர் நெடியோடு வெளுத்துக் கிடந்தது. வேறெங்கும் இல்லாத பாசி நேற்றுவரை அங்கே பச்சைப் பசேலென்று இருந்தது. அதைக் காப்பாற்றத்தான் அறிவியல் டீச்சர் சுடர்விழி மனுமேல் மனு போட்டு அதிகாரிகளை வரவழைத்திருந்தாள். அவர்கள் பாசியை உயிரோடு பார்த்துவிட்டால் பாறைக்கு வெடி வைக்க முடியாது. குவாரி முதலாளி குணசேகரன் சும்மா இருப்பாரா? விடியற்காலையிலேயே ஆள் விட்டுச் சுரண்டிவிட்டார்.

டீச்சர் அழுவாள் என்று எதிர்பார்த்தார். அவளோ பாறை நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"எந்திரிங்க, மெஷின் வருது. விராலிமலை பஸ்ஸப் புடிச்சு வீடு போய்ச் சேருங்க."

"வரட்டும். நான் நகர மாட்டேன்."

"பாசியே இல்லாத பாறைக்கு எதுக்கு இம்புட்டுப் பிடிவாதம்?"

"திரும்ப வளக்கணும்ல."

குணசேகரனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "வெதைக்குக்கூட ஒரு துணுக்கு விட்டு வைக்கல. எனக்கு ஒண்ணும் ஆகாது டீச்சர். போன வருஷம் பூஜை போட்டு இந்தப் பாறையில எடுத்த மொதக்கல்லு, எங்க வீட்டு வேப்பமரத்தடியில இருக்கு. தொழிலுக்கு அதுதான் சாமி. தெனம் ஒரு கொடம் தண்ணி ஊத்திக் கும்புட்டுத்தான் வெளிய கெளம்புவேன். அது என்னையக் கைவிடாது."

"நல்லா ஊத்துங்க."

அவள் குரலில் நடுக்கமே இல்லை. அதுதான் அவருக்கு எரிச்சலாக இருந்தது.

"எங்க ஒங்க ஆபீசருங்க? ஆளையே காணோம்."

அதற்குள் அவருடைய செல்போன் அடித்தது. மனைவி புவனேஸ்வரி.

"என்னங்க, டீச்சர் அனுப்புனாங்கன்னு ஆபீசருங்க நம்ம வீட்டுக்கு வந்திருக்காங்க. மொதக்கல்ல லென்ஸ் வச்சுப் பாக்குறாங்க. எந்தப் பாறைக் கல்லுன்னு கேட்டாங்க, பெருமையாச் சொல்லிட்டேன். இனிமே அந்தப் பாறையில யாரும் கை வைக்கக் கூடாதாம்."

குணசேகரன் டீச்சர் பக்கம் திரும்பினார்.

"போன மாசம் இந்தப் பாறைக்காக ஒங்ககிட்டக் கெஞ்ச வந்தேன். உள்ள விடாம மத்தியானம் பூரா அந்த வேப்பமரத்தடியிலதான் நிக்க வச்சீங்க," என்றாள் சுடர்விழி. "நீங்க தண்ணி ஊத்தி வளத்த பாசிய அப்பத்தான் பாத்தேன்."